எச்சில் சொல்லும் சேதி: வெறிநாய்க்கடி முதல் மறதி நோய் வரை ஒரு குறிப்பு

ஆடித் தபசு முடிந்த மறுவாரம் சங்கரன்கோவிலில் இருந்து சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, எச்சில்ல பாத்தே மறதி நோய் இருக்கா இல்லயான்னு சொல்லிருதாங்களாமே, நெசமா? வாட்ஸப்புல ஒரு வீடியோ வந்திருக்கு. சின்னக் குப்பியில துப்பி கூரியர்ல அனுப்பினாப் போதுமாம். ரூவாதான் கூடக் கேக்கான். அம்மைக்கு எடுத்துருவோமா?"

"ரெண்டு நாள் பொறு, பாத்துச் சொல்லுதேன்" என்று போனை வைத்தேன். அந்த ரெண்டு நாள் ரெண்டு மாசமாக இழுத்துவிட்டது. தேடப் போன இடத்தில் எச்சிலுக்கு இவ்வளவு பெரிய வரலாறு இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அதில் ஒரு பகுதி நம்ம குன்னூரிலும் நடந்திருக்கிறது. அவனுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் சித்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது 74. வாழ்நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்குள்ளேயே இருந்தவள். சித்தப்பா தறி ஓட்ட, இவள் தார் சுற்றுவாள். ரெண்டு வருஷமாகக் கேட்டதையே கேட்கிறாள். குழம்புக்கு ரெண்டு தரம் உப்புப் போடுகிறாள். ஒருநாள் கோயிலுக்குப் போனவள் திரும்பும்போது வேறு தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இது என் வீடுதானே, யாரு பூட்டுனா?" என்று கேட்டிருக்கிறாள். ஆனால் கையில் நூலைக் கொடுத்தால் இன்றைக்கும் தார் பிசகாமல் சுற்றுகிறாள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதை 'அறளை பேந்துட்டுது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நம்ம தெருவில் "வயசாச்சுல்லா, அப்படித்தான்" என்றார்கள். இன்னும் சிலர் கோமதி அம்மன் சந்நிதிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். அம்பாள் சந்நிதிக்கு முன்னால் தரையில் ஸ்ரீசக்கரப் பள்ளம் ஒன்று உண்டு. திருவாவடுதுறை வேலப்ப தேசிகர் அமைத்தது என்பது கோயில் வழக்கு. சித்தம் கலங்கியவர்களை அதில் உட்கார வைத்து வேண்டிக்கொள்வார்கள். மூளை நோய்க்கு எங்கள் ஊர் வைத்திருக்கும் மிகப் பழைய ஏற்பாடு அதுதான். அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. சித்தியும் போய் உட்கார்ந்தாள். எழுந்து வரும்போது புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தாளாம். மறதி அப்படியேதான் இருந்தது.

எச்சில் சோதனையைப் பற்றிச் சொன்னதும் அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "என் எச்சிலை எவனுக்கோ அனுப்பப் போறியாக்கும்? அவன் அதைத் தொடுவானா?"

அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. எச்சில் என்ற சொல்லே எஞ்சியது, மிச்சம் என்ற பொருளில் இருந்து வருவது. உமிழ்நீர் என்று பாடப் புத்தகம் சொல்லும். சித்தியின் அகராதியில் அது எச்சில்தான், பிறர் தொடக்கூடாதது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வை எடுத்துப் பாருங்கள்: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். மலமும் மூத்திரமும் தனித்தனித் தேர்வாக இருக்கின்றன. சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டு அது பாம்பாக ஓடுகிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் நெய்க்குறி சாஸ்திரம் இருக்கிறது. எச்சிலுக்குத் தனி இடம் இல்லை. நாவைப் பார்க்கும்போது ஈரமா வறட்சியா என்று சேர்த்துப் பார்ப்பதோடு சரி. தீட்டுதான் காரணமா என்றால், மூத்திரத்துக்கு இல்லாத தீட்டா? எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. எச்சில் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவது. புளியைப் பார்த்தால் ஊறும், பயந்தால் வற்றும். அதை நம்பிக் குறி சொல்வது கஷ்டம் என்று வைத்தியர்களுக்குத் தெரிந்திருக்கும். இது என் ஊகம்தான்.

பயந்தால் வற்றும் என்பதை வைத்தியர்களை விட நீதி சொன்னவர்கள் நன்றாகப் பயன்படுத்தினார்கள். தர்ம சாஸ்திரங்கள் சொல்லும் திவ்யங்களில் தண்டுலம் என்று ஒன்று உண்டு. களவுக் குற்றம் சாட்டப்பட்டவனை அரிசி மென்று துப்பச் சொல்வார்கள். துப்பியதில் ரத்தம் தெரிந்தால் அவன் கள்ளன். வாய் உலர்ந்து கிடப்பவனுக்கு வறட்டரிசி ஈறைக் கிழிக்கத்தானே செய்யும் என்று இன்று விளக்கம் சொல்கிறார்கள். அப்பாவியும் பயப்படுவான் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. மனசுக்குள் நடப்பது வாயில் தெரியும் என்ற எண்ணம் மட்டும் அவ்வளவு பழையது. 1904ல் நோபல் பரிசு வாங்கிய பாவ்லோவ், ரஷ்யாவில் நாயின் உமிழ்நீரைக் குழாய் வைத்துப் பிடித்துச் சொட்டு எண்ணியதும் அதே பாதையில்தான்.

நிற்க. மூளை நோயை எச்சிலில் தேடிய முதல் பெரிய முயற்சிக்கு வருவோம். அது மறதி நோய்க்கு நடந்ததல்ல, வெறிநாய்க்கடிக்கு. அதுவும் மூளை நோய்தான் என்பதை நாம் சிலசமயம் மறந்துவிடுகிறோம்.

வெறிநாயின் எச்சிலில்தான் விஷம் இருக்கிறது என்று ஊர் உலகமெல்லாம் நம்பியதை 1804ல் ஜெர்மனியைச் சேர்ந்த சிங்கே என்பவர் சோதனையாகச் செய்து காட்டினார். வெறிநாயின் எச்சிலை எடுத்து நல்ல நாயின் வெட்டுக் காயத்தில் தடவினார். அதற்கும் வெறி பிடித்தது. அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு கழித்து லூயி பாஸ்டர் வருகிறார்.

1880 டிசம்பரில் பாரிஸில் ஒரு சிறுவன் வெறிநோயால் இறந்தான். லானெலோங் என்ற அறுவை மருத்துவர் பாஸ்டருக்குச் சொல்லி அனுப்பினார். பாஸ்டர் அந்தப் பிள்ளையின் வாயில் இருந்து கோழையை எடுத்துத் தண்ணீரில் கலந்து முயல்களுக்கு ஊசி போட்டார். ரெண்டு நாளைக்குள் முயல்கள் செத்துப் போயின. ரத்தத்தில் எட்டு வடிவத்தில் ஒரு கிருமி தெரிந்தது. வெறிநோய்க் கிருமி கிடைத்துவிட்டது என்று வேறு யாராவது என்றால் மேளம் அடித்திருப்பார்கள். பாஸ்டருக்குச் சந்தேகம். வெறிநோய் இத்தனை வேகமாகக் கொல்லாதே? வேறு நோயில் இறந்த குழந்தைகளின் எச்சிலை எடுத்துப் பார்த்தார், முயல் செத்தது. நல்ல ஆரோக்கியமான ஆட்களின் எச்சிலை எடுத்துப் பார்த்தார், அதிலும் முயல் செத்தது! அதே சமயத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஸ்டெர்ன்பெர்க் தன் சொந்த எச்சிலையே முயலுக்குப் போட்டு அதே கிருமியைப் பார்த்திருந்தார். நிமோனியாவை உண்டாக்கும் கிருமி அது. நம்மில் பலர் வாயில் சும்மா குடியிருப்பது.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். மூளையில் என்ன நோய் என்று வாயிடம் கேட்டார்கள், வாய் தன்னைப் பற்றியே பதில் சொன்னது. 140 வருஷம் கழித்து மறதி நோய்க்காரர்களின் எச்சிலைச் சோதிக்கிறவர்கள் மாட்டிக்கொண்டு முழிப்பதும் இதே இடத்தில்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாஸ்டர் எச்சிலை விட்டுவிட்டு மூளைக்குப் போனார். வெறி பிடித்த விலங்கின் மூளைத் திசுவை இன்னொரு விலங்கின் மூளைக்குள் நேராகச் செலுத்தினார். வாயின் கிருமிகள் குறுக்கே வரவில்லை. அந்த வழியில்தான் முயலின் முதுகுத் தண்டை உலர்த்தித் தடுப்பூசி செய்து, 1885 ஜூலையில் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனைக் காப்பாற்றினார். 1903ல் இத்தாலியில் நெக்ரி என்பவர் வெறி பிடித்துச் செத்த விலங்குகளின் மூளைச் செல்லுக்குள் சின்னச் சின்ன உருண்டைகளைக் கண்டார். அதன் பிறகு நாய் கடித்தால் நாயின் தலையை வெட்டி, மூளையைக் கிளிசரினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் பழக்கம் வந்தது. மூன்று வருஷம் கழித்து, 1906 நவம்பரில், அலோய்ஸ் அல்சைமர் ட்யூபிங்கனில் நடந்த கூட்டத்தில் அகஸ்டே டீட்டர் என்ற பெண்ணின் மூளையைப் பற்றிப் பேசினார். அந்தப் பெண் ஏப்ரலில்தான் இறந்திருந்தாள். ரெண்டு நோய்க்கும் நிலைமை ஒன்றுதான். ஆள் செத்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தால் உறுதியாகச் சொல்லலாம். உயிரோடு இருக்கும்போது பார்த்து ஊகிக்கத்தான் முடியும்.

குன்னூருக்கு வருவோம். 1900ல் இமாசலத்துக் கசௌலியில் பாஸ்டர் நிலையம் ஆரம்பித்தார்கள். தெற்கே யாரை நாய் கடித்தாலும் அவ்வளவு தூரம் ரயிலேற வேண்டும். 1902ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய் கடித்து இறந்தார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு அதில் இருந்து வலுத்தது. கார்னகியின் இரும்புத் தொழில் கூட்டாளியான அமெரிக்கர் ஹென்றி பிப்ஸ், கர்சன் பிரபுவிடம் நல்ல காரியத்துக்கு என்று கொடுத்திருந்த பணத்தில் ஒரு பகுதி இதற்கு வந்தது. 1907ல் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் குன்னூரில் திறந்தது. (ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 1918ல் இதே குன்னூர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில், மெக்காரிசன் என்ற மருத்துவரின் ஆய்வாகத் தொடங்கியதுதான். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

1911ல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையை வைத்து ஒரு தடுப்பூசி கண்டுபிடித்தார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம்ம அப்பா தாத்தா பயமுறுத்தினது அந்த ஊசியைத்தான். கேட்டாலே வயிறு கலங்கும். மூளைத் திசுவில் செய்த மருந்து என்பதால் சிலருக்கு உடம்பு அதையே எதிரியாக நினைத்துத் தன் நரம்பையும் சேர்த்துத் தாக்கி, கைகால் விழுந்துபோகும். நோய் வராமல் தடுக்கப் போட்ட மருந்தால் நரம்பு நோய். இருந்தாலும் போட்டார்கள், ஏனென்றால் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. 2005 வாக்கில்தான் இந்தியாவில் அது முழுக்க நின்றது. செல் வளர்ப்பில் செய்த ஊசியைக் கையில் போடுகிற காலம் வந்தது.

எச்சில் மறுபடி மேடைக்கு வந்தது பிசிஆர் வந்த பிறகுதான். கொரோனா காலத்தில் எல்லாரும் கேட்டுச் சலித்த அதே பிசிஆர். வைரஸின் மரபணுத் துண்டை மட்டும் குறிவைத்துப் பெருக்கிக் காட்டுவதால் வாயின் மற்ற கிருமிகள் குழப்புவதில்லை. இன்றைக்கு வெறிநோய் சந்தேகப்படும் நோயாளி உயிரோடு இருக்கும்போதே எச்சிலையும், பிடரியில் முடி வேரோடு சேர்ந்த ஒரு துளித் தோலையும் எடுத்துச் சோதிக்கலாம். பெங்களூரு நிமான்ஸில் இதற்கான பெரிய ஆய்வகம் இருக்கிறது. ஆனால் ஒரு தடவை எடுத்த எச்சிலில் வைரஸ் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. எச்சிலில் அது விட்டு விட்டுத்தான் வரும். அதனால் சில மணி நேர இடைவெளியில் குறைந்தது மூன்று தடவை எடுக்கச் சொல்கிறார்கள். பாஸ்டர் கைவிட்ட எச்சிலுக்கு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து இவ்வளவு மரியாதை.

வெறிநோயில் எச்சில் ஏன் இவ்வளவு நன்றாகப் பேசுகிறது? நாய் கடித்த இடத்தில் இருந்து வைரஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். மூளையில் பெருகிவிட்டு நரம்பு வழியாகவே இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய் அங்கேயும் பெருகும். அடுத்த ஆளைக் கடிக்க வேண்டுமே, அதன் பிழைப்பே எச்சிலில்தான். மூளையில் இருக்கும் நோய் அப்படியே வாயில் வந்து நிற்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு மற்ற நோய்களைப் பாருங்கள், எச்சில் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று ஓரளவு பிடிபடும்.

பார்க்கின்சன் நோய் நடுவில் நிற்கிறது. 1817ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய கட்டுரையிலேயே நோயாளியின் வாயில் எச்சில் வழிவதைக் குறித்திருக்கிறார். இந்த நோயில் ஆல்பா சினூக்ளின் என்ற புரதம் மூளைச் செல்லில் திரண்டு கட்டியாகும். அந்தத் திரள் தாடைக்கு அடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியின் நரம்புகளிலும் இருப்பதை அமெரிக்காவில் அரிசோனா ஆய்வாளர்கள் கண்டார்கள். நோயின் உருவமே சுரப்பிக்கு வந்துவிடுகிறது. அதனால் இதில் நம்பிக்கைக்கு இடம் உண்டு. வெறும் அளவை அளந்து பார்ப்பதை விட்டுவிட்டு, கெட்டுப்போன புரதம் நல்ல புரதத்தைக் கெடுக்கிற வேகத்தைப் பார்க்கும் முறை ஒன்று வந்திருக்கிறது. பாலில் ஒரு சொட்டு மோர் விட்டு உறைகிறதா என்று பார்ப்பது மாதிரி. எச்சிலில் அதைச் செய்து பார்த்து நல்ல விடை வந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன.

அல்சைமர் நோய்க்கு அப்படி ஒரு நேர்வழி இல்லை. மூளையில் சேரும் அமிலாய்டும் டௌவும் வாய்க்கு வந்தால், ரத்தத்தில் கசிந்து, அங்கிருந்து சுரப்பிக்கு வடிந்து வந்ததாக இருக்க வேண்டும். கடைசியில் கிடைப்பது துளியிலும் துளி. போதாக்குறைக்கு உமிழ்நீர்ச் சுரப்பியே சொந்தமாக டௌ புரதம் தயாரிக்கும். எச்சிலில் டௌ இருந்தால் அது மூளையுடையதா வாயுடையதா? பாஸ்டரின் முயல் ஞாபகம் வருகிறதா?

நடந்ததைச் சொல்கிறேன். 2010ல் ஸ்பெயினில் ஒரு குழு, லேசான அல்சைமர் உள்ளவர்களின் எச்சிலில் அமிலாய்டு கூடுதல் என்றது. 2011ல் சியாட்டிலில் ஜிங் ஜாங்கின் ஆய்வகம் எச்சிலில் டௌவைக் கண்டு, அதன் ஒரு விகிதம் நோயாளிகளிடம் மாறியிருக்கிறது என்றது. 2018ல் ஆஷ்டனும் மற்றவர்களும் கூடுதல் பேரிடம் மொத்த டௌவை அளந்தார்கள், நோயாளிக்கும் நல்லவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று முடித்தார்கள். 2017ல் மாட்ரிட்டில் இருந்து பெரிய சேதி: எச்சிலில் இயற்கையாக இருக்கும் லாக்டோஃபெரின் என்ற கிருமி எதிர்ப்புப் புரதம் அல்சைமர்காரர்களுக்குக் குறைவாக இருக்கிறது, கிட்டத்தட்டத் தப்பே இல்லாமல் பிரித்துவிடலாம் என்றார்கள். பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. 2021ல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஞாபக மறதி மருத்துவமனைக்கு வந்த பலவகை நோயாளிகளிடம் அதையே செய்தார்கள். பிரிக்க முடியவில்லை. வாட்ஸப்பில் சுற்றுவது 2017 சேதி. 2021 சேதி சுற்றுவதில்லை.

வாய்க் கிருமி பற்றிய கதையும் உண்டு. ஈறு நோய் உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவை அல்சைமர் மூளைகளில் கண்டதாக 2019ல் ஒரு கட்டுரை வந்து பரபரப்பானது. அந்தக் கிருமியைக் குறிவைத்த மருந்தின் பெரிய சோதனை 2021ல் தோற்றது. ஈறைச் சுத்தமாக வைத்துக்கொள்வது நல்லதுதான், அதற்கு வேறு காரணங்களே போதும்.

எச்சிலுக்கு நல்ல வெற்றியும் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் தொழில்முறை ரக்பி வீரர்களிடம், தலையில் அடிபட்டால் எச்சிலில் இருக்கும் சிறு ஆர்என்ஏ துண்டுகள் மாறுவதை வைத்து மூளை அதிர்ச்சியைக் கண்டுபிடிக்கலாம் என்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 2021ல் காட்டினார்கள். அடிபடும் முன்பே எச்சில் எடுத்து வைக்கக்கூடிய இளம் ஆண்கள் அவர்கள். மரபணுச் சோதனைக்கும் எச்சில் பிரமாதம், ஏனென்றால் கன்னத்துச் செல்லில் இருக்கும் மரபணு மூளையிலும் அதேதான். அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஈ மரபணுவை எச்சிலில் பார்த்துச் சொல்ல 2017ல் அமெரிக்க அரசு ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அது வாய்ப்பைத்தான் சொல்லும், நோய் வந்துவிட்டதா என்று சொல்லாது. அந்த வித்தியாசத்தை வீடியோக்காரன் வாயைத் திறந்து சொல்வதே இல்லை.

உண்மையில் முந்திக்கொண்டது ரத்தம். 2025 மே மாதம் அமெரிக்காவில் ரத்தத்தில் டௌ 217, அமிலாய்டு 42 இரண்டின் விகிதத்தைப் பார்க்கும் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் அறிகுறி உள்ளவர்களுக்கு, வல்லுநர் மேற்பார்வையில், மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்ப்பதற்கு.

இன்னொன்று, நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும். சித்தி காலையில் எழுந்ததும் முதலில் தேடுவது வெற்றிலைச் செல்லத்தை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலை. ஈறில் ரத்தக் கசிவு, பாதிப் பல் கிடையாது. ரத்தக் கொதிப்புக்கும் தூக்கத்துக்கும் அவள் விழுங்கும் மாத்திரைகளில் ஒன்று வாயை உலர வைக்கும். ஐரோப்பிய ஆய்வுகளில் எச்சில் எடுக்கும் முன் சாப்பிடக் கூடாது, பல் தேய்க்கக் கூடாது, புகை கூடாது, குறிப்பிட்ட நேரத்தில் எடுக்க வேண்டும் என்று ஏகப்பட்ட நிபந்தனை. அந்தச் சிவப்பு எச்சிலில் அந்தக் கருவி எதை அளக்கும்?

சரி, கருவி இல்லாமல் இத்தனை நாள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், கேள்வி கேட்டு. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்பது எனக்கே புதுச் செய்தி. 1990களில் ராஜ்குமார், தாரா முதலிய சென்னை மனநல மருத்துவர்கள் திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து, 3.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் என்று 1997ல் எழுதினார்கள். பிறகு 10/66 என்ற பன்னாட்டுக் குழு வந்தது. பேர் வினோதமாக இருக்கிறதே என்று பார்த்தால், உலகின் மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 விழுக்காடு கூட அங்கே நடக்கவில்லை என்ற கோபத்தில் வைத்த பெயராம். சென்னையும் வேலூரும் அதில் சேர்ந்தன. பள்ளிக்கூடம் போகாத கிழவியிடம் "ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தை வரை" என்று கேட்டால் நல்ல புத்தியோடு இருப்பவளும் தோற்பாள். அந்தத் தப்பைத் திருத்தத்தான் அவர்கள் நோயாளியோடு கூட இருப்பவரிடமும் கேள்வி கேட்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். முன்னே செய்த வேலையை இப்போது செய்கிறாளா, பணத்தை எண்ணுகிறாளா, வீட்டுக்கு வழி தெரிகிறதா. 2023ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 விழுக்காடு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்று மதிப்பிட்டது. ஆண்களை விடப் பெண்களிடமும், நகரத்தை விடக் கிராமத்திலும் கூடுதல்.

தம்பியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "குப்பி வேண்டாம்டே. அந்த ரூவாயை வச்சுக்கோ. திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போய் நரம்பு டாக்டர்ட்ட காட்டு. ரத்தத்துல தைராய்டும் பி12ம் பாக்கச் சொல்லு. நீயும் கூட உக்காந்து எல்லாத்தையும் ஒளிக்காமச் சொல்லு." மறதிக்குக் காரணமாக இருந்து மருந்தில் சரியாகக்கூடியவை சில உண்டு. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, தலையில் பட்ட அடியில் உறைந்த ரத்தம். எச்சில் குப்பியில் "அல்சைமர்" என்று விடை வந்து, அதை நம்பி இதையெல்லாம் பார்க்காமல் விட்டால்? எனக்கு இருந்த பயம் அதுதான்.

புரட்டாசியில் போனார்கள். டாக்டர் முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டாராம். தம்பி சம்சாரத்திடம் தனியாகவும் கேட்டிருக்கிறார். மறதி நோயின் ஆரம்பம் மாதிரித்தான் தெரிகிறது, ஸ்கேனில் வேறு கோளாறு இல்லை என்றார். பி12 ரொம்பக் குறைவாக இருந்திருக்கிறது. சித்தி சுத்த சைவம், பாலும் பிடிக்காது, யாரும் அதை யோசிக்கவில்லை. ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். எது எவ்வளவு பங்கு என்று மூன்று மாதம் கழித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

"அங்கயும் எச்சில் கேட்டாகளா?" என்று சித்தியிடம் போனில் கேட்டேன்.

"இல்லய்யா, ரத்தந்தான் எடுத்தான். நீ யாரு, மூத்தவன்தானே பேசுத?"

மூத்தவன்தான் என்றேன். கார்த்திகைக்கு ஊருக்குப் போகிறேன். ஊசியின் சங்கதி அப்போது தெரியும்.